மூன்று இடத்தில் மூன்று அளவு: எனக்கு பிரஷர் இருக்கிறதா இல்லையா?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 51 வயது, கம்பத்துக்குப் பக்கத்து ஊர். பன்னிரண்டு வருடமாக, கேரளத்தில் இருக்கும் வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய் வருகிறேன். போன மாதம் தோட்டத்தில் தலை கிறுகிறுத்தது. கங்காணி அங்கேயே ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனார். பிரஷர் 168/100, ‘கூடுதலாணு’ என்று சொல்லி தினமும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் போட்டேன். அப்புறம் மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற பெண் வீட்டில் வைத்துப் பார்த்தபோது 144/88தான் இருந்தது. திருப்பூரில் இருக்கும் மகன் மணிக்கட்டில் கட்டுகிற மெஷின் ஒன்று வாங்கி அனுப்பினான். அதில் ஒரு தடவை 155, அடுத்த நிமிடம் 131, திரும்பப் பார்த்தால் 147. மெஷின் எல்லாம் பொய், பாதரசம் வைத்துப் பார்ப்பதுதான் சரி என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். மலைக்குப் போனாலே பிரஷர் ஏறும் என்கிறார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். குழம்பிப்போய் நான்கு நாளாக மாத்திரையை நிறுத்திவிட்டேன். இடுப்பு வலிக்கு மெடிக்கலில் வாங்குகிற மாத்திரை மட்டும் போடுகிறேன். எனக்கு பிரஷர் இருக்கிறதா இல்லையா? (பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதைப் பேசுவதற்கு முன்னால் ஒன்று. நிறுத்திய மாத்திரையை நாளையிலிருந்து மறுபடி தொடங்குங்கள். எழுதிக் கொடுத்தபடி ஒன்றுதான்; விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்துப் போட வேண்டாம். இந்த வாரத்துக்குள் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மருத்துவரைப் பாருங்கள். ஒரு நாள் கூலி போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்வதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

168 என்பது மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் எடுத்த அளவு. 144 என்பது மூன்று வாரம் மாத்திரை போட்ட பிறகு எடுத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கிளினிக்கில் தப்பாகப் பார்த்துவிட்டார்கள் என்ற முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். அந்த 144-ஐக் கொண்டுவந்ததில் மாத்திரைக்கும் பங்கு இருக்கலாமே, அதை யோசித்தீர்களா? என்னிடம் வருகிறவர்களில் எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அளவு இறங்கியதும் நோய் போய்விட்டது என்று நினைத்து, இறக்கிய மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். தவிர, 144/88 என்பதும் கவலையில்லாமல் விடக்கூடிய அளவு இல்லை. மருத்துவமனையிலோ சுகாதாரப் பணியாளரோ பார்க்கும்போது 140/90 என்பதுதான் நம் அரசு மருத்துவமனைகளில் வைத்திருக்கும் எல்லை. மேல் அளவு, கீழ் அளவு இரண்டில் எது தாண்டினாலும் தாண்டியதாகவே கணக்கு.

இப்போது உங்கள் குழப்பத்துக்கு வருகிறேன். பெரியாறு அணை நீர்மட்டம் இத்தனை அடி என்று தினமும் பேப்பரில் படிக்கிறீர்கள். காலையில் பார்த்த மட்டம் மாலைக்குள் பெரிதாக மாறிவிடாது. ரத்த அழுத்தத்தையும் அப்படி ஒரே எண் என்று நினைத்துக்கொள்கிறோம், அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. அதை அணை மட்டத்தோடு ஒப்பிடுவதை விட, லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்குகிற ராட்சதக் குழாய்களை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயின் சுவரை நீர் தள்ளுகிற விசை போலத்தான் ரத்தக்குழாய்க்குள்ளும். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது இருப்பது மேல் அளவு, தளர்ந்து நிரம்பும்போது இருப்பது கீழ் அளவு. ஒரு நாளில் இதயம் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இந்த அளவு கொஞ்சம் மாறும். படி ஏறினால் ஏறும், தூங்கினால் இறங்கும், பயந்தால் எகிறும். ஆக, மூன்று இடத்தில் மூன்று அளவு வந்தது என்பதற்காக மட்டும் யாரையும் சந்தேகப்பட வேண்டாம். எந்த நிலையில், எப்படி, எதை வைத்துப் பார்த்தார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

கிளினிக்கில் அன்று நடந்திருக்கக்கூடியதைச் சொல்லிப் பார்க்கிறேன். தலைசுற்றலோடு சரிவில் ஏறி வந்திருப்பீர்கள். ஜீப்பில் குலுங்கி வந்து இறங்கியிருப்பீர்கள். யாராவது சூடாக ஒரு கட்டன் டீ வாங்கிக் கொடுத்திருப்பார்கள். என்ன ஆகுமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டூலில் உட்காரவைத்துப் பட்டையைச் சுற்றியிருப்பார்கள். தோட்டத்துக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை போட்டிருப்பீர்கள், மலைக் குளிரில் சிலர் ஸ்வெட்டரும் போடுவீர்கள். அதன் மேலேயே பட்டையைச் சுற்றினாலும் அளவு தப்பாகும். சட்டையைத் தோள்வரை இறுக்கமாகச் சுருட்டிவிட்டாலும் அது கயிறு கட்டியது போலாகி அளவு மாறும். அளவு பார்க்கும்போதே கேள்வி கேட்பார்கள், நீங்களும் பதில் சொல்வீர்கள். பேசிக்கொண்டிருந்தால் மட்டுமே மேல் அளவு 10 வரை கூடலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். தோட்டத்தில் ஒதுங்க இடமில்லாமல் காலையிலிருந்து மாலைவரை சிறுநீரை அடக்கிக்கொண்டிருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களும் உண்டு. நிரம்பிய மூத்திரப்பையோடு பார்த்தால் ரத்த அழுத்தம் கூடுதலாகக் காட்டும். சிறுநீரை அடக்குவதும் தண்ணீர் குடிக்காததும் வேறு பல கெடுதல்களையும் கொண்டுவரும், அதைத் தனியாகப் பேசலாம். இனி எங்கே பிரஷர் பார்த்தாலும், முதலில் கழிப்பறை எங்கே என்று கேட்டுப் போய்வந்துவிட்டு உட்காருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இத்தனையும் சேர்ந்து உங்கள் 168-ஐக் கொஞ்சம் ஏற்றியிருக்கலாம். அதனால் உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியுமா என்றால், முடியாது. மாத்திரையோடு, வீட்டில் அமைதியாக இருக்கும்போதும் 144 வந்திருக்கிறது. அதனால்தான் கிளினிக் அளவைத் தூக்கிப் போடவும் எனக்கு மனமில்லை, அதை மட்டும் நம்பி ஆயுள் முழுக்க மாத்திரை என்று முடிவு கட்டவும் மனமில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன பாதரசத்துக்கு வருவோம். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 1896-ல் ரிவா-ரோச்சி என்ற இத்தாலிய மருத்துவர் மேல்கையில் காற்றுப் பட்டையைச் சுற்றி, அதைப் பாதரசக் குழாயோடு இணைத்து அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். பட்டைக்கு அவர் பயன்படுத்தியது சைக்கிள் டியூப்தான். காற்றை ஏற்றி, மணிக்கட்டில் நாடி நிற்கும் இடத்தைத் தொட்டுப் பார்ப்பார். அதில் மேல் அளவு மட்டும்தான் தெரியும். 1905-ல் கொரோட்கோவ் என்ற ரஷ்ய அறுவை மருத்துவர், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். காற்றை மெல்ல இறக்கும்போது ‘டக் டக்’ என்ற சத்தம் தொடங்கும் இடம் மேல் அளவு, அது மறையும் இடம் கீழ் அளவு என்று சொன்னார். நூறு வருடத்துக்கு மேல் உலகம் முழுவதும் இப்படித்தான் பார்த்தோம். இன்றைக்கும் அளவைச் சொல்லும்போது ‘பாதரச மில்லிமீட்டர்’ என்றே சொல்கிறோம். உங்கள் 144 என்பது 144 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தூக்கி நிறுத்தும் விசை.

பாதரசக் கருவியில் கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை, அதனால் அளவு துல்லியம். ஆனால் காதும் கையும் மனிதருடையவை. காற்றை நொடிக்கு 2, 3 மில்லிமீட்டர் வேகத்தில் மெதுவாக இறக்க வேண்டும். வெளியே நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது அவசரமாகத் திறந்துவிட்டால் மேல் அளவு குறைவாகவும் கீழ் அளவு கூடுதலாகவும் பதிவாகிவிடும். அந்தக் கருவியில் கோடு இரண்டு இரண்டாகத்தான் இருக்கும். அப்படியிருந்தும் பழைய நோட்டுகளைப் புரட்டினால் 140, 150, 160 என்று பூஜ்யத்தில் முடிகிற எண்களாகவே வரும். கண் போகிற போக்கில் முழு எண்ணுக்குத் தள்ளிவிடுவது எல்லோருக்கும் நடக்கும், எனக்கும் நடந்திருக்கிறது.

பாதரசம் மெல்ல ஒதுக்கப்படுவதற்குக் காரணம் அளவில் குறை என்பதல்ல, அது விஷம் என்பதுதான். கருவி உடைந்தால் ஆவியாகி மூச்சோடு உள்ளே போகும், கழிவாகி நீரில் சேர்ந்தால் மீன்வரை போகும். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் அப்படிப் பாதரசம் கலந்த மீனைச் சாப்பிட்டு நரம்பு கெட்டு முடங்கியவர்கள் ஏராளம். அந்த ஊர்ப் பெயரிலேயே 2013-ல் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன, 2017-ல் அது நடைமுறைக்கு வந்தது, இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. யார் வீட்டிலாவது பழைய பாதரசக் கருவி இருந்தால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். உடைந்து உருண்டைகள் சிதறினால் கையால் தொடாதீர்கள், விளக்குமாற்றால் பெருக்காதீர்கள்.

அதன் இடத்துக்கு இரண்டு வகை வந்தன. கடிகாரம் போல முள் ஓடுகிற வகையை மருத்துவர்கள் பையில் பார்த்திருப்பீர்கள். எடை குறைவு, எங்கும் கொண்டுபோகலாம். ஆனால் ஒருமுறை கீழே விழுந்தாலே முள் நகர்ந்துவிடும். வருடத்துக்கு ஒரு முறையாவது சரிபார்க்காவிட்டால் அதை நம்பக்கூடாது. வீட்டுக்கு அதை வாங்க வேண்டாம்.

மற்றது பட்டனை அழுத்தினால் தானே ஏறி இறங்கும் மின்னணுக் கருவி. மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிறவர்கள் வைத்திருப்பது இந்த வகைதான். ‘மெஷின் பொய்’ என்று அண்ணன் சொன்னது இதைத்தான், அதனால் இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இது சத்தத்தைக் கேட்பதில்லை. பட்டையில் காற்று குறையக் குறைய, உள்ளே ஓடும் நாடி பட்டையை லேசாக அதிரவைக்கும். எந்த இடத்தில் அதிர்வு உச்சமாக இருக்கிறதோ, அதுதான் ரத்தக்குழாயின் சராசரி அழுத்தம். அதைப் பிடித்துக்கொண்டு மேல் அளவையும் கீழ் அளவையும் கருவி கணக்குப் போட்டுச் சொல்கிறது. அந்தக் கணக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. எனவே, மின்னணுக் கருவி என்றாலே நல்லது என்றோ கெட்டது என்றோ ஒட்டுமொத்தமாகச் சொல்ல முடியாது. அந்தக் குறிப்பிட்ட மாடலைச் சோதித்துப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. 2018-ல் வந்த பொதுவான உலகத் தரப்படி, குறைந்தது 85 பேரிடம் அந்த மாடலை மனிதர் காதால் கேட்டு எடுத்த அளவோடு ஒப்பிட வேண்டும், சராசரி வித்தியாசம் 5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அப்படித் தேறிய மாடல்களின் பட்டியலை ‘ஸ்ட்ரைட் பிபி’ என்ற அமைப்பு வெளியிடுகிறது. மகனிடம் சொன்னால் போனிலேயே பார்த்துவிடுவார். பெட்டியில் எழுதியிருக்கும் விளம்பரத்தை விட அந்தப் பட்டியல் நம்பகமானது.

இந்த வகைக்கு ஒரு குறை உண்டு. சிலருக்கு இதயத் துடிப்பு தாளம் தவறி ஓடும். அவர்களுக்கு அதிர்வும் ஒழுங்கில்லாமல் வருவதால் அளவு ஒவ்வொரு முறையும் தாவும். தாளம் தவறினால் அதைக் காட்ட ஒரு குறி பல கருவிகளில் இருக்கிறது. உங்களுக்கு அந்தக் குறி அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் சொல்லி ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

மகன் வாங்கிக் கொடுத்த மணிக்கட்டுக் கருவி 155, 131, 147 என்று தாவியதற்கு வேறு காரணம் இருப்பதாகத்தான் நினைக்கிறேன். ரத்த அழுத்தத்தை இதயத்தின் மட்டத்தில் அளக்க வேண்டும். கை அதற்குக் கீழே போனால், அந்த உயரத்துக்கான ரத்தத்தின் எடையும் சேர்ந்துகொள்ளும். பாதரசம் தண்ணீரை விட 13.6 மடங்கு அடர்த்தி. கணக்குப் போட்டால், கை 10 சென்டிமீட்டர் இறங்கினாலே கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும், அதே அளவு உயர்ந்தால் 8 குறையும். மணிக்கட்டை மடியில் வைத்து ஒரு தடவை, நெஞ்சருகே தூக்கி ஒரு தடவை பார்த்தீர்கள் என்றால் 20, 25 வித்தியாசம் வந்துவிடும். கருவி நல்லதாக இருந்தாலும் இப்படித்தான் வரும். மேல்கையில் கட்டும்போது கை எங்கே போனாலும் பட்டை நெஞ்சைவிட்டு அவ்வளவு தூரம் போகாது, அதனால்தான் நாங்கள் மேல்கைக் கருவியையே கேட்கிறோம். மகன் பாசத்தோடு வாங்கிக் கொடுத்திருக்கிறார், மனம் நோகச் சொல்லாமல், முடிந்தால் மேல்கைக் கருவியாக மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்ற முடியாவிட்டால், முழங்கையை மேஜையில் ஊன்றி, மணிக்கட்டு நெஞ்சு உயரத்தில் இருக்கும்படி கையைச் சாய்த்துவைத்து, ஆடாமல் பாருங்கள். விரலில் மாட்டுவது, கைக்கடிகாரத்தில் வருவது, போன் கேமராவில் விரலை வைத்தால் பிரஷர் சொல்வது, இவற்றை வைத்து மாத்திரை முடிவு எதுவும் எடுக்க வேண்டாம்.

பட்டையின் அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பயிற்சி மருத்துவராக இருந்தபோது நான் செய்த ஒரு தவறு இன்றைக்கும் என் மனதை உறுத்துகிறது. மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர், ஐம்பது வயது இருக்கும், கை உலக்கை மாதிரி இருக்கும். ஒவ்வொரு முறையும் 170-க்குக் குறையவில்லை. நான் பார்த்து எழுதிய அளவை வைத்து மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஒருநாள் காலை படுக்கையிலிருந்து எழுந்தவர் கண் இருட்டி விழுந்து நெற்றி பிளந்து வந்தார். அப்போதுதான் மூத்த செவிலியர் ஒருவர் உள்ளே போய்ப் பெரிய பட்டையை எடுத்துவந்து சுற்றினார். மேல் அளவு 140-ஐக்கூடத் தொடவில்லை. அத்தனை நாளும் நான் அந்தக் கைக்குப் பற்றாத சின்னப் பட்டையைத்தான் சுற்றியிருக்கிறேன். சின்னப் பட்டையால் தடித்த கையின் ரத்தக்குழாயை அழுத்த அதிகக் காற்று வேண்டும், அதைக் கருவி உயர் அழுத்தம் என்று எழுதிவிடும். ரிவா-ரோச்சியின் முதல் பட்டையிலேயே இந்தக் குறை இருந்தது. அகலம் சுமார் 5 சென்டிமீட்டர்தான் என்பதால் அளவு கூடுதலாக வந்தது. 1901-ல் ஃபொன் ரெக்லிங்ஹாவ்சன் என்ற ஜெர்மானியர்தான் அதை அகலப்படுத்தினார். ஆக, நான் செய்தது நூறு வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்துத் திருத்திய தவறு. நெற்றித் தையலோடு அவர் என்னைப் பார்த்து ‘பரவாயில்லைம்மா’ என்று சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

உங்களுக்கு எந்தப் பட்டை என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ரவிக்கை தைக்கும் டேப்பை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 22 முதல் 32 சென்டிமீட்டருக்குள் என்றால் வழக்கமான பட்டை போதும். அதற்கு மேல் என்றால் பெரிய பட்டை கேட்டு வாங்க வேண்டும். ஒல்லியான கைக்குப் பெரிய பட்டை சுற்றினால், நேர்மாறாக, அளவு குறைத்துக் காட்டும்.

மலையைப் பற்றியும் கேட்டீர்கள். கம்பத்துக்கும் வண்டன்மேட்டுக்கும் இடையே உயர வித்தியாசம் ஆயிரம் மீட்டருக்குள்தான். தினமும் ஏறி இறங்கிப் பழகிய உடம்புக்கு அந்த உயரம் மட்டுமே 168-ஐக் கொண்டுவந்துவிடாது. கருவியும் சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறது, எனவே மலையில் அது தப்பாகக் காட்டாது. ஆனால் குளிர் உண்மையான காரணம். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், அழுத்தம் கொஞ்சம் கூடும். சாரலில் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்து உடனே பார்க்காதீர்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மேல்கைக் கருவி கிடைத்ததும் ஏழு நாள், காலை ஒருமுறை மாலை ஒருமுறை பாருங்கள். விடியற்காலையில் எழுந்து சமைத்து ஜீப்பைப் பிடிக்கும் அவசரம் எனக்குத் தெரியும், பத்து நிமிடம்தான் கேட்கிறேன். எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, அடுப்பு பற்றவைப்பதற்கு முன், காபி குடிப்பதற்கு முன், மாத்திரை போடுவதற்கும் முன். சுவரிலோ நாற்காலியிலோ முதுகு சாய்ந்திருக்க வேண்டும். கால் இரண்டும் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால்மேல் கால் வேண்டாம். ரவிக்கைக் கை இறுக்கமாக இருந்தால் தளர்ந்ததாக மாற்றிக்கொண்டு, வெறும் தோலில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே பட்டையைக் கட்டுங்கள். கையை மேஜையிலோ, இல்லாவிட்டால் அடுக்கிவைத்த தலையணையிலோ நெஞ்சு உயரத்தில் வையுங்கள். ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். டிவி வேண்டாம், போன் வேண்டாம், பேரன் கூப்பிட்டாலும் பதில் வேண்டாம். ஒரு தடவை பார்த்து, ஒரு நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். இரண்டையும் எழுதுங்கள். பிடித்ததை எழுதி பிடிக்காததை விட்டுவிடாதீர்கள், அதைத்தான் நிறையப் பேர் செய்கிறார்கள். மாலையில் வீடு திரும்பிக் குளித்து, களைப்பு ஆறியபின், சாப்பிடுவதற்கு முன் இதே மாதிரி. முதல் தடவை மட்டும் இரண்டு கையிலும் பாருங்கள். எந்தக் கையில் கூடுதலோ, அதிலேயே தொடருங்கள். இரண்டு கைக்கும் 15-க்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

முதல் நாள் அளவுகளைக் கழித்துவிட்டு மீதி ஆறு நாளின் சராசரியைப் பார்ப்போம். மகனோ மகளோ போனில் கூட்டி வகுத்துக் கொடுப்பார்கள். வீட்டில் எடுத்த சராசரிக்கு எல்லை 135/85. வீட்டில் மனது அமைதியாக இருப்பதால் மருத்துவமனை எல்லையை விடக் குறைத்து வைத்திருக்கிறோம். சிலருக்கு வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே ஏறும், வீட்டில் சரியாக இருக்கும். வேறு சிலருக்கு மருத்துவமனையில் சரியாக இருந்து, வேலை நேரத்தில் ஏறும், இவர்களைத்தான் நாங்கள் தவறவிட்டுவிடுகிறோம். சந்தேகம் தீராவிட்டால் 24 மணி நேரமும் கையில் கட்டி வைக்கும் கருவி பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. உங்களுக்கு அது இப்போதைக்கு வேண்டியிருக்காது.

அந்த நோட்டையும், கருவியையும், போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். அங்கேயே அவர்கள் கருவியில் ஒரு தடவை, உங்கள் கருவியில் ஒரு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தால், உங்களுடையது எவ்வளவு விலகுகிறது என்று தெரிந்துவிடும். மாத்திரை அட்டைகளை நான் வலியுறுத்துவதற்கு நம் எல்லைப் பகுதிக்கே உரிய காரணம் ஒன்று இருக்கிறது. கேரளத்துக் கிளினிக்கில் ஒரு கம்பெனிப் பெயரில் எழுதிக் கொடுப்பார்கள், இங்கே சுகாதார நிலையத்தில் அதே மருந்தை வேறு அட்டையில் கொடுப்பார்கள். நிறம் வேறு, பெயர் வேறு, உள்ளே இருப்பது ஒன்றே. இரண்டையும் சேர்த்துப் போட்டு அழுத்தம் இறங்கி மயங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் காட்ட ஒரே நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து தமிழா மலையாளமா என்பது பிரச்சினை இல்லை, எண் எல்லோருக்கும் ஒன்றுதான்.

அன்றைய தலைசுற்றலை பிரஷர் கணக்கில் மட்டும் எழுதிவிடாதீர்கள். ரத்த அழுத்தம் கூடியிருப்பது பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. காலையில் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தாலும் சுற்றும். ரத்தசோகையிலும் சுற்றும், சர்க்கரையிலும் சுற்றும். போகும்போது ரத்த அளவும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். எழுந்து நின்றதும் சுற்றுகிறது என்றால், உட்கார்ந்து ஒரு தடவையும், நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவையும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.

எப்போதாவது 180/120-ஐத் தாண்டினால், பதறாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் விழுதல், பேச்சுக் குழறல், திடீர்ப் பார்வை மங்கல் எதுவும் இருந்தால் இரண்டாவது தடவை பார்க்கவும் நிற்காமல் 108-க்கு அழையுங்கள். மலைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் அதே எண்தான்.

கடைசியாக, கடிதத்தில் போகிற போக்கில் சொன்ன இடுப்பு வலி மாத்திரை. மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. மெடிக்கலில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் வலி மாத்திரைகளில் பல, டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை, உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தைக் கூட்டும். பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும், நாள்பட்டால் சிறுநீரகத்தையும் பாதிக்கும். நீங்கள் இறக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு, ஏற்றக்கூடிய மாத்திரையைத் தொடர்ந்து போட்டுக்கொண்டிருக்கிறீர்களோ என்பதுதான் என் பயம். அது என்ன மாத்திரை, வாரத்துக்கு எத்தனை என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதுவரை அந்த அட்டையை எடுத்து வைத்துவிட்டு, இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். குனிந்தே காய் எடுக்கிற வேலைக்கு அது மட்டும் போதாது என்று தெரியும். உங்கள் நோட்டில் ஏழு நாள் அளவு சேர்ந்ததும் அந்த மாத்திரையின் பெயரையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள், இடுப்புக்கு என்ன செய்யலாம் என்று அப்போது பார்க்கலாம்.